நிமிர்த்தி வைத்த கல்

அத்தியாயம் ஏழு

ஹுல்டா நீஸ்ட்ரோம் அழவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அவளுடைய ஒரே மகள் சிக்னே நேற்று மத்தியானம் வீட்டை விட்டுப் போனவள், விடிந்தும் திரும்பவில்லை. அடுப்பின் மேல் காபி வற்றிக் கருகிக்கொண்டிருந்தது. ஹுல்டா அதைப் பார்த்தபடியே நின்றாள், இறக்கி வைக்கவில்லை. வெளியே விடாத மழை. வடக்கே மலைப்பனி முழுவதும் ஒரேயடியாகக் கரைந்து கனெடிகட் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

"கடைசியா என்ன சொல்லிட்டுப் போனா?" என்று கேட்டேன்.

"சொன்னா சிரிப்பீங்க, கோரிகன்."

"நான் சிரிச்சு எவனும் பாத்ததில்ல."

"நான் ஒருவாட்டி பாத்தேன்," என்றாள் டெலியா. "பல்வலின்னு நெனச்சு கிராம்பு எடுத்துக் குடுத்தேன்."

டெலியா கியோ என் உதவியாள். என் லாரியை ஓட்டுவது அவள்தான். வாயையும் அதே வேகத்தில் ஓட்டுவாள். நான் ரயில்வேயில் காவல் பார்த்துவிட்டு வெளியே வந்தவன். இப்போது காணாமற்போனவர்களைத் தேடித் தருகிறேன். ஓடிப்போன புருஷன், திருட்டுப்போன குதிரை, எதுவானாலும் சரி. யார் சொல்வதையும் நம்பாமல் இருந்தாலே இந்தத் தொழிலில் பாதி முடிந்த மாதிரி.

ஹுல்டா கைகளை ஏப்ரனில் துடைத்தாள். கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

"'அப்பா தப்பா வச்ச கல்லக் கண்டுபிடிச்சுட்டேம்மா'ன்னா. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. என் ஆக்சல் ஒரு கல்லத் தப்பா வச்சான்னு இந்த ஊர்ல ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம். திரும்பி நின்னுக்கிட்டேன். மூஞ்சியக்கூடப் பாக்கல. அப்படியே போயிட்டா."

ஆக்சல் நீஸ்ட்ரோம் எங்கள் குவாரியில் சுவர் கட்டியவன். பாரந்தூக்கி சரிந்து அதன் கீழே செத்தபோது சிக்னே இன்னும் பிறக்கவில்லை. பார்க்காத அப்பனைக் கல்லில் தேடுகிற பெண் அவள். உள்ளூர்ப் பத்திரிகையில் வாராவாரம் குவாரியின் பழங்கதையை எழுதுவாள். எந்தப் பாறை நியூயார்க்கில் எந்தத் தெருவுக்குப் போனது, அங்கே யார் குடியிருந்தார்கள் என்று. பணக்காரர்கள் வீட்டு முகப்புக்கெல்லாம் எங்கள் பழுப்புக் கல்தான் வேண்டும் என்று அலைந்த காலம் ஒன்று இருந்தது. அங்கே தெருத்தெருவாக எழும்பியதெல்லாம் இங்கே பள்ளம். ஆற்றுக்குப் பக்கத்திலேயே, ஆற்றைவிட ஆழமாக. இப்போது அந்தக் கல்லை யாரும் கேட்பதில்லை. ஊறுகிற தண்ணீர் தேங்காமல் இருக்க ஒரு பம்பு மட்டும் ராப்பகலாக ஓடுகிறது.

"தப்பா வைக்கறதுன்னா?" என்றாள் டெலியா. "கோணலாவா?"

"எந்திரிச்சு நிக்க வைக்கறது," என்றேன்.

எங்கள் ஊரில் தெரியாதவன் கிடையாது. டெலியா வெளியூர்க்காரி. இந்தக் கல் மண்ணுக்குள் அடுக்கடுக்காகப் படுத்துக் கிடக்கிறது. சுவரிலும் அப்படியே படுக்க வைக்க வேண்டும். அடுக்கு செங்குத்தாக நிற்கும்படி நிமிர்த்தி வைத்தால், உள்ளே தண்ணீர் இறங்கும், குளிரில் உறையும், ஒவ்வொரு வருஷமும் ஒரு தோல் உரியும், வெங்காயம் மாதிரி. நியூயார்க்கில் அழகுக்காக நிமிர்த்தி வைத்த வீடுகளெல்லாம் உரிந்து போனதாகச் சொல்லி இங்கே சாராயக் கடையில் சிரிப்பார்கள்.

"ஆக்சல் கடைசியா எங்க சுவர் கட்டினான்?"

ஹுல்டா இப்போதுதான் காபியை இறக்கினாள். "குவாரி அடியில. வெடிமருந்து அறையில பின்சுவரு. பெரிய பெல்டனே வாசலுக்கு வந்து கூப்பிட்டாரு, முதலாளி. இவன் போனான். விடிஞ்சு வந்தான். சாப்பிடல. என்னான்னு கேட்டா, 'வச்சிட்டு வந்திருக்கேன், ஒருநாள் தெரியும்'னான். மறுவாரம் பாரந்தூக்கி விழுந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த வாரந்தான் அந்த நியூயார்க் ஆளும் போனான். கேன்டர். வேலைநிறுத்தத்துக்கு ஆள் சேக்க வந்தவன். சொல்லாமக் கொள்ளாம படகேறிட்டான்னாங்க."

"படகுல ஏறினத யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. எல்லாரும் சொன்னாங்க."

டெலியா என்னைப் பார்த்தாள்.

*

குவாரிக்கு இறங்க இரண்டு வழி. ஆற்றுப் பக்கம் பெல்டன் அலுவலகத்துக்குக் கீழே கல்லில் வெட்டின படிக்கட்டு. எதிர்ப்பக்கம் பம்பு வீட்டிலிருந்து மர ஏணி. முதலில் அலுவலகம் போனோம்.

பெரிய பெல்டன் செத்துப் பல வருஷம் ஆகிறது. மகன் வெண்டெல் பெல்டன்தான் முதலாளி. பெரிய பெரிய பள்ளிக்கூடங்களில் படித்த ஆள். மழையில் எங்களை நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டான். டெலியாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

"சிக்னேவா? நேத்து ரூஃபஸ்கிட்டப் போறதப் பாத்தேன்," என்றான். "பம்பு பாக்கறவன். அவன் முன்னாடி ஃபோர்மனா இருந்தவன், தெரியுமில்ல? பழசக் கிளறுனா அவனுக்கு ஆகாது. மிஸ்டர் கோரிகன், இது நமக்குள்ள இருக்கட்டும். அவன்கிட்டக் கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க. கீழ போறதா இருந்தா, ஏறும்போது என் படிக்கட்டு வழியா வந்துடுங்க. நான் விளக்கோட நிக்கறேன்."

வெளியே வந்ததும் டெலியா, "என்ன ஒரு அன்பு. தலைக்கு எண்ணெய் தேச்சு விடாததுதான் பாக்கி," என்றாள்.

"அவன் சொன்னது நிஜமாவும் இருக்கலாம்."

"இருக்கலாம் கேப்டன். அதான் பயமா இருக்கு."

நான் எந்தக் கப்பலுக்கும் எந்தப் படைக்கும் கேப்டன் இல்லை. அவள் வைத்த பெயர்.

பம்பு வீட்டில் ரூஃபஸ் டார்பாக்ஸ் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டான். தடித்த கழுத்து. பம்பு தொம் தொம் என்று அடித்துக்கொண்டிருந்தது. தரையே அதனோடு அதிர்ந்தது.

"சிக்னே இங்க வந்தாளா?"

"வரல."

டெலியா ஜன்னல் ஓரத்தைக் காட்டினாள். "ரெண்டு கப்பு இருக்கு. ஆவிங்களுக்கும் காபி ஊத்தறீங்களோ?"

அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது. குடியா, தூக்கமில்லையா தெரியவில்லை. ஒரு கப்பில் காபி அப்படியே ஆடை படிந்து கிடந்தது.

"வரலன்னா வரல. கீழ போறீங்களா? போங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்க கோரிகன். பம்பு நின்னா யாரையும் ஏன்னு கேக்காத. ஏறு."

குவாரியில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அவன் வாயிலிருந்து வந்தபோது மிரட்டல் மாதிரி இருந்தது. ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டேன். அவன் தடுக்கவில்லை.

*

ஏணி நீளமானது. வழுக்கியது. கீழே இறங்க இறங்க மழைச் சத்தம் குறைந்து பம்புச் சத்தம் மட்டும் பாறைக்குள்ளிருந்து வந்தது. தொம், தொம். நான்கு பக்கமும் செங்குத்தான பழுப்புச் சுவர். மேலே ஒரு கைக்குட்டை அளவு வானம். பட்டப்பகலிலும் அங்கே வெளிச்சம் சாயங்காலம் மாதிரிதான். பாறை வெடிப்புகளில் தண்ணீர் நூல் நூலாக இறங்கியது. ஆற்றுப் பக்கத்துச் சுவரில் மட்டும் நூலாக இல்லை. கயிறாக இருந்தது.

"கேப்டன், ஆறு எங்க இருக்கு?"

"அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்."

"எவ்வளவு உயரத்துல?"

"நம்ம தலைக்கு மேல."

காலடியில் தண்ணீர் கணுக்கால் வரை இருந்தது. கொஞ்ச தூரம் நடந்தபின் கணுக்காலுக்கு மேலே இருந்தது. தரை சரிவா, தண்ணீர் ஏறுகிறதா என்று நினைக்கப் பயந்து நடந்தேன்.

வெடிமருந்து அறை பாறையில் குடைந்த ஒரு பொந்து. கதவு என்றோ மக்கிப் போனது. லாந்தரைத் தூக்கிப் பின்சுவரைப் பார்த்தேன். ஆக்சல் கட்டின சுவர். இடுக்கில் கத்தி நுழையாது. ஒவ்வொரு கல்லும் படுத்துக் கிடந்தது. அடிவரிசையில், தரையை ஒட்டி, ஒரே ஒரு இடம் மட்டும் வேறு மாதிரி. அங்கே இருந்த கல் உரிந்து உரிந்து தகடு தகடாகத் தரையில் கொட்டிக் கிடந்தது. ஓர் ஆள் ஊர்ந்து போகிற ஓட்டை. ஓட்டையில் வேறொரு கல் திணித்திருந்தது. தண்ணீர் அதன் ஓரமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கடப்பாரையால் மெதுவாகத் தட்டினேன்.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது.

டெலியா தண்ணீரில் மண்டியிட்டு ஓட்டையோடு வாயை வைத்தாள். "சிக்னே? எத்தன பேரு இருக்கீங்க உள்ள?"

மெலிந்த குரல். "ரெண்டு பேரு. ஒருத்தர் பேசமாட்டாரு."

நானும் டெலியாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"கேன்டரா?" என்றேன்.

"எலும்பு, கோரிகன். கோட்டு இருக்கு. மண்ட ஒடஞ்சிருக்கு." பல் கிட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. "விளக்கு போயிடுச்சு. ராத்திரி பூரா இவரு பக்கத்துல… தண்ணி வருது. என் கால் மாட்டியிருக்கு. இருக்கீங்கல்ல? போயிடலையே?"

"இருக்கேன். பேசிட்டே இரு. யாரு அடைச்சது?"

"பாக்கல. நான் உள்ள ஊர்ந்து வந்ததும் பின்னால கல்ல உருட்டுனாங்க. கத்துனேன். பதிலே இல்ல."

கடப்பாரையைக் கல்லின் மேல் இடுக்கில் போட்டு நெம்பினேன். வயசான தோள் அது, சட்டென்று கேட்கவில்லை. டெலியாவும் சேர்ந்து தொங்கினாள். கல் அசைந்தது, நின்றது, அசைந்தது. உள்ளே சிக்னே பேசிக்கொண்டேயிருந்தாள், பேச்சு நின்றால் பயம் வந்துவிடும் என்பது போல.

"அப்பா தப்பா வைக்கல. தெரிஞ்சேதான் வச்சாரு. துப்பாக்கிய நீட்டிக் கட்டச் சொல்லியிருப்பாங்க. எதிர்த்துப் பேச முடியாது. அதான் ஒரே ஒரு கல்ல நிமித்தி வச்சாரு. முதலாளிமாருக்குத் தெரியாது, வேலக்காரனுக்குத் தெரியும், என்னிக்காவது உரிஞ்சு விழும்னு. அம்மாகிட்டச் சொல்லணும்."

"நீயே சொல்லுவ," என்றேன்.

கல் புரண்டு வெளியே விழுந்தது. டெலியா தலையை உள்ளே விட்டு, தோளை விட்டு, முக்கால் உடம்பு உள்ளே போனாள். ஏதோ சரிகிற சத்தம். ஓர் அலறல். பிறகு இரண்டு பேரும் சேற்றில் முக்கி எடுத்த மாதிரி வெளியே வந்தார்கள். சிக்னேயின் வலது பாதம் வீங்கி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

அப்போது பம்பு நின்றது.

எப்போதும் காதில் கேட்டுக்கொண்டேயிருந்த ஒரு சத்தம் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மழை கேட்டது. தண்ணீர் இறங்குவது கேட்டது. எங்கள் மூச்சு கேட்டது. தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. இப்போது சந்தேகமே இல்லை, ஏறியது.

"நிறுத்திட்டான்," என்றேன். "பாவி, நம்மள மூழ்கடிக்கறான்."

அறைக்கு வெளியே வந்தோம். ஆற்றுப் பக்கம் படிக்கட்டின் நடுவில் ஒரு விளக்கு ஆடியது. வெண்டெல் பெல்டன்.

"இந்தப் பக்கம்," என்று கூப்பிட்டான். குரல் பாறையில் மோதி வந்தது. "ரூஃபஸ் பம்ப நிறுத்திட்டான். அங்க போகாதீங்க, மேல கடப்பாரையோட நிப்பான். இங்க வாங்க, நான் தூக்கி விடறேன்."

படிக்கட்டு பக்கத்தில்தான் இருந்தது. அகலமான படி. கால் போன பெண்ணை அதில் ஏற்றிவிடலாம். ஏணியோ குவாரியின் மறுகோடியில், செங்குத்தாக, வழுக்கலாக, மேலே ரூஃபஸோடு. டெலியா ஏற்கெனவே சிக்னேயைத் தோளில் தாங்கி விளக்கைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள். நானும் ஓரடி வைத்துவிட்டேன்.

அப்புறம் திரும்பிப் பார்த்தேன். ஏன் என்று கேட்டால் பழக்கம்தான். எவன் பின்னால் வருகிறான் என்று பார்க்கிற பழக்கம். என் லாந்தர் வெளிச்சம் நான் நெம்பித் தள்ளிய கல்லின் மேல் விழுந்தது. கட்டையான கல், எப்படித் திருப்பினாலும் அந்த ஓட்டைக்குப் பொருந்தும். விழுந்த கல்லை வைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் என் கடப்பாரை அதன் நெற்றியில் கீறிய தடம் வெள்ளையாகத் தெரிந்தது. எந்த முகம் வெளியே பார்த்திருந்தது, எது மேலே இருந்தது என்று அந்தக் கீறல் சொன்னது. ஓட்டைக்குள் இருந்தபோது அதன் அடுக்கு செங்குத்தாக நின்றிருக்கிறது.

ரூஃபஸ் டார்பாக்ஸ் பல் முளைத்த நாளிலிருந்து குவாரியில் கிடப்பவன். கதவுக்கு முட்டுக் கொடுக்கிற கல்லைக்கூட இந்த ஊர்க்காரன் படுக்க வைப்பான். யோசித்துச் செய்வதில்லை, கை செய்யும். கொலை செய்கிற அவசரத்திலும் கை அதைத்தான் செய்யும். கல்லை விற்க மட்டும் தெரிந்தவன்தான் அப்படித் திணித்திருப்பான்.

படிக்கட்டைப் பார்த்தேன். பெல்டனின் ஒரு கையில் விளக்கு. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"டெலியா. ஏணிக்கு."

"என்னது?"

"கேக்காத. ஏணிக்கு."

"கேப்டன், மேல அவன் நிக்கறான்."

"தெரியும். அவன நம்பித்தான்."

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு திரும்பினாள். நாங்கள் மறுபக்கம் போவதைப் பார்த்ததும் பெல்டன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

தண்ணீர் தொடைக்கு வந்தது. இழுத்தது. ஏணியில் முதலில் டெலியா, நடுவில் சிக்னே, அடியில் நான். நல்ல காலால் அவள் தத்தி ஏற, வீங்கின காலை என் தலை தாங்கியது. "கேப்டன், தலைய அசைக்காதீங்க, உள்ள ஒண்ணும் இல்லன்னாலும் இப்ப உதவுது," என்று மேலேயிருந்து டெலியா சொன்னாள். நான் கீழே பார்க்கவில்லை.

பாதி ஏறியிருப்போம். பின்னால் பாறை உறுமியது. திரும்பினால் விழுந்துவிடுவேன் என்று தெரிந்தும் திரும்பினேன். ஆற்றுப் பக்கத்துக் கரை உட்கார்ந்தது. படிக்கட்டு இருந்த இடத்தில் படிக்கட்டு இல்லை. பழுப்பாக, மரங்களோடு, ஆறு உள்ளே வந்துகொண்டிருந்தது. விளக்கைக் காணவில்லை.

மேலேயிருந்து ஒரு பெரிய கை டெலியாவைத் தூக்கியது. பிறகு சிக்னேயை. பிறகு என் காலரைப் பிடித்தது.

"ஏன்னு கேக்காம ஏறுன்னு சொன்னேன்ல," என்றான் ரூஃபஸ். "கரை வெடிக்கறது இங்கேருந்து தெரிஞ்சுது. கத்துனா உனக்குக் கேக்குமா? அதான் பம்ப நிறுத்துனேன்."

*

பம்பு நின்றால் ஊரே ஓடிவரும். அன்றும் வந்தது. மழையில் ஆணும் பெண்ணும் பம்பு வீட்டு வாசலில் நின்றார்கள். ஹுல்டா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிக்னே காதில் ஏதோ சொன்னாள். ஹுல்டாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

குவாரி நிரம்பிக்கொண்டிருந்தது. சுவர், எலும்பு, கல் எல்லாம் அடியில். டெலியா என் பக்கம் குனிந்து, "நம்மகிட்ட இப்ப என்ன இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

சாலை வழியாக வெண்டெல் பெல்டன் வந்தான். சரியான நேரத்தில் மேலே ஓடியிருக்கிறான். கோட்டில் சேறு. கையில் ஒரு கம்பளிப் போர்வை. கூட்டம் வழிவிட்டது. முதலாளி அல்லவா.

"கடவுள் காப்பாத்தினாரு," என்றான். "பாவம், கொழந்த பயந்து போயிருக்கு. இதப் போத்திக்கம்மா. கீழ இருட்டுல எதையாவது பாத்து மெரண்டிருப்ப. எல்லாத்தையும் மறந்துடு."

சிக்னே நொண்டியபடி ரூஃபஸுக்குப் பின்னால் போய் நின்றாள்.

ரூஃபஸ் தொப்பியைக் கழற்றினான். மழை அவன் மொட்டைத் தலையில் விழுந்தது. அவன் பெல்டனைப் பார்க்கவில்லை, ஹுல்டாவைப் பார்த்தான்.

"நேத்து இந்தப் பொண்ணு வந்து அந்தச் சுவரப் பத்திக் கேட்டா. காபி ஊத்திக் குடுத்துட்டு வாயத் தொறக்காம உக்காந்திருந்தேன். ஏணியில கீழ இறங்குனா, திரும்பி ஏறி வரல. படிக்கட்டு வழியா வீட்டுக்குப் போயிருப்பான்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். ஹுல்டா, ஆக்சல் அந்தச் சுவரக் கட்டுறப்ப விளக்கப் புடிச்சது நான். துப்பாக்கி வச்சிருந்தது பெரியவரு. கேன்டர் மண்டையில அடிச்சது," அவன் மூச்சை இழுத்தான், "இதோ, போர்வையோட நிக்கறாரே, இவரு. பாரந்தூக்கிக் கயித்த அறுத்ததும் இவருதான். எவன் வேணாலும் எங்க வேணாலும் கூப்பிடட்டும், வந்து சொல்றேன்."

பெல்டன் சிரிக்கப் பார்த்தான். போர்வையை நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.